காத்துப்பேச்சு

ஆலையில் எனக்கு வைத்திருக்கும் பெயர் சந்தேகம். நேரில் பார்த்தால் "அக்கா, அக்கா" என்பார்கள். நான் தாண்டிப் போனதும் "சந்தேகம் போகுது பாரு" என்பார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்வது எனக்குத் தெரியாது என்று நினைப்பு. எதிரே இருக்கும் சன்னல் கண்ணாடியில் அவர்கள் வாய் எனக்குத் தெரியும் என்பதை மறந்துவிடுவார்கள்.

எங்கள் ஆலையில் யார் வாயையும் யாரும் படிப்பார்கள். தகர டப்பாக்களுக்கு மூடி அடிக்கிற ஆலை அது. ஒரே கூடத்தில் தகட்டை மூடியாக அடிக்கிற நாற்பது இயந்திரங்கள், இயந்திரத்துக்கு ஒரு பெண், ஷிப்ட் முழுக்க அடி, அடி, அடி. அந்த இடத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. அதனால் நாங்கள் குரலை விட்டுவிட்டு வாயால் மட்டும் பேசுவோம். உதட்டை நன்றாக விரித்து, எழுத்து எழுத்தாக. அதற்குக் காத்துப்பேச்சு என்று பெயர். புதிதாக வருகிறவள் முதல் வாரம் கத்துவாள், இரண்டாவது வாரம் தொண்டை கட்டிக்கொள்ளும், மூன்றாவது வாரம் எங்களோடு சேர்ந்துவிடுவாள். இருபத்திரண்டு வருஷமாக நான் இப்படித்தான் பேசுகிறேன். மாமியார் சண்டை, மகள் படிப்பு, மேற்பார்வையாளரின் தொப்பை எல்லாம் காற்றிலேயே பேசி முடித்தோம்.

இரண்டு வருஷமாக நாங்கள் கேட்டது ஒன்றுதான். ஒவ்வொரு இயந்திரத்தையும் சுற்றி, சத்தத்தை உறிஞ்சுகிற மாதிரி ஒரு கூண்டு. நிர்வாகமோ, "காதுக்குப் பஞ்சு குடுக்கறோமே" என்றது. போன வருஷம் இரண்டு பேருக்குக் காது மந்தம் என்று தெரிந்ததும், கூண்டு வரவில்லை, "கூடத்துக்குத் தகுதியில்லை" என்று காகிதம் வந்தது. இரண்டு பேரும் வீட்டில் இருக்கிறார்கள்.

என் காதுக்கு ஒரு குறையும் இல்லை. என் வீட்டு ஆட்கள்தான் கொஞ்ச நாளாக முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்கள். மகள் போனில் பேசினால் எனக்குத் தெரியாமல் ஏதோ ஏற்பாடு செய்கிறாள் என்று தோன்றும். என் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுகிறவர், நாள் முழுக்க இரைச்சலில் இருந்துவிட்டு வந்து டிவியின் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, "நல்லாத்தானே கேக்குது" என்பார். எதையோ என்னிடமிருந்து மறைக்கிறார்கள் என்று நானும் கண்ணை அகல விரித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

டிவி என்றதும் வெண்ணெய்வாயரைச் சொல்ல வேண்டும். தினமும் மாலை ஆறு மணிக்கு ஒரு சானலில் உட்கார்ந்து நாட்டு நடப்பை விமர்சிக்கிறவர். வழுக்கிக்கொண்டு வரும் பேச்சு என்பதால் அந்தப் பெயரை நாங்கள்தான் வைத்தோம். ஒரு நாள் அவர் எங்கள் ஆலையைப் பற்றியே பேசிவிட்டார்.

"பேராசைன்னு சொல்லி ஏன் பயமுறுத்தறீங்க? முதலாளியோட பேராசைதான் தொழிலாளியோட சோறு. இன்னைக்குக் கூண்டு கேப்பாங்க, நாளைக்கு உக்கார மெத்தை கேப்பாங்க. கம்பெனி மூட்டையைக் கட்டிக்கிட்டுப் போனா, அப்புறம் ரொம்ப அமைதியா இருக்கும், இல்லையா?"

ஸ்டுடியோவில் எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் கேன்டீனில் ஒருத்தி டீ டம்ளரைத் தூக்கி எறியப் போனாள். டிவி கேன்டீனுடையது என்பதால் கையைப் பிடித்து நிறுத்தினோம்.

இரண்டு நாளில் அந்தச் சானலிலிருந்தே அழைப்பு வந்தது. உங்கள் தரப்பையும் சொல்லுங்கள், ஒரு ஆளை அனுப்புங்கள் என்று. சங்கச் செயலாளர் கிடங்கில் பாரம் தூக்குகிற வண்டி ஓட்டுகிறவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். கேன்டீனில் மேஜை மேல் ஏறி நின்றுகொண்டு அதைக் கல்யாணப் பத்திரிகை போல வாசித்தார்.

"போகக் கூடாது," என்றேன் நான்.

"ஏன்க்கா?"

"சேத்துல கல்லெறிஞ்சா நம்ம மேலதான் தெறிக்கும். அவருக்குத் தினமும் சண்டை போட ஒரு ஆள் வேணும். நாம போனா அவர் கடை நடக்கும். நமக்கு என்ன நடக்கும்?"

என் நாத்தனார் எழுந்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை, எனக்கு அடுத்த இயந்திரம் அவளுடையது. "அண்ணி, பேசாம இருந்தா ஒத்துக்கிட்டோம்னுதான் அர்த்தம். என் மாமனாரே கேக்கறார், மெத்தையும் கேட்டீங்களாமேன்னு. ஊரே அவர் சொல்றதைத்தான் நம்புது."

"நம்பறவன் நீ போய்க் கத்தினா மட்டும் மாறிடுவானா?"

"மாற வேண்டாம். எங்க மாமனார் வாயை மூடினா போதும்."

சிரிப்பு எழுந்தது. நான் விடவில்லை. "அழைச்சுட்டுப் போக காரும் அனுப்பறாங்களாம். சும்மா யாராவது கார் அனுப்புவாங்களா? ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை. செயலாளர் தம்பிக்கு மட்டும் இதுல ஏன் இவ்வளவு ஆசைன்னும் தெரியல."

செயலாளரின் முகம் சுருங்கியது. எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்குகிற பழக்கம் எனக்கில்லை. கையைத் தூக்கச் சொல்லி எண்ணினார்கள். போவது என்று முடிவாயிற்று. யார் போவது என்றபோது நாத்தனார் என்னைக் காட்டினாள்.

"அண்ணிதான் போகணும். அவங்களை யாராலயும் ஏமாத்த முடியாது."

இரண்டு ஷிப்டிலுமாக அறுபது கைகள் உயர்ந்தன. இதிலும் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கார் வந்தது. ஓட்டுநர் கண்ணாடியில் என்னை இரண்டு முறை பார்த்தார். ஸ்டுடியோவில் ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து முகத்துக்கு மாவு பூசினார்கள். பூசிய பெண் வாயில் துணி கட்டியிருந்தாள். துணிக்குள்ளிருந்து என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. "ம்" என்று சொல்லிவைத்தேன். எதற்கு "ம்" சொன்னோம் என்று அப்புறம் பயம் பிடித்துக்கொண்டது.

அப்போது வெண்ணெய்வாயரே உள்ளே வந்தார். டிவியில் தெரிவதைவிடக் குட்டை. ஒரு டம்ளர் தண்ணீரைத் தானே கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்துப் பேசினார்.

"பயப்படாதீங்க அக்கா. உள்ள நான் கொஞ்சம் சத்தம் போடுவேன். மனசுல வச்சுக்காதீங்க."

"ஏன் சத்தம் போடணும்?"

"தொழில்க்கா. நீங்க மூடி அடிக்கறீங்க, நான் வாய் அடிக்கறேன்."

"அப்ப நீங்க சொல்றதை நீங்களே நம்பலையா?"

அவர் சிரித்தார். "நம்பிக்கையெல்லாம் வீட்டோட வச்சுக்கணும்க்கா. தண்ணி குடிங்க."

நான் தண்ணீரைத் தொடவில்லை. இந்த மனுஷன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அக்கா என்கிறான், தண்ணீர் வைக்கிறான். டிவி பெட்டிக்குள் போனதும் என் தலையில் மிளகாய் அரைக்கப் போவதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறான். இதில் எது வேஷம்? நான் என்ன பேச வேண்டும் என்று மனப்பாடம் செய்து வந்ததெல்லாம் அந்தக் கேள்வியில் கலைந்துபோனது.

நிகழ்ச்சி தொடங்கியது. நெறியாளராக ஓர் இளம் பெண், ஒரு பக்கம் வெண்ணெய்வாயரும் பொருளாதார நிபுணர் என்று சொல்லப்பட்ட ஒருவரும், எதிர்ப்பக்கம் நான். முதல் பத்து நிமிஷம் அவர்களே பேசினார்கள். பிறகு நெறியாளர் என்னைப் பார்த்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்க கூடத்துல நாப்பது மெஷின் இருக்கு," என்று ஆரம்பித்தேன். அதற்குள் வெண்ணெய்வாயர் குறுக்கே பாய்ந்தார். நிபுணரும் சேர்ந்துகொண்டார். நெறியாளரும் கையை ஆட்டிக்கொண்டு ஏதோ கத்தினாள். மூன்று பேரும் ஒரே நேரத்தில். மேஜை அதிர்ந்தது.

அந்த இரைச்சலில் எனக்கு என்னவோ பழைய தைரியம் வந்துவிட்டது. கலைந்த வார்த்தைகளெல்லாம் திரும்பி வந்தன. கேமராவை நேராகப் பார்த்துச் சொன்னேன்:

"முதலாளி ஆசைப்படட்டும், வேண்டாம்னு சொல்லல. ஆனா பொறந்தப்ப நாங்க கொண்டுவந்த சொத்து ரெண்டு காது. அவர் ஆசைக்கு அதை ஏன் நாங்க குடுக்கணும்? பிள்ளை அம்மான்னு கூப்பிட்டா கேக்கணும். பின்னாடி வண்டி வந்தா கேக்கணும். இது பேராசையா? பேராசை நல்லதுன்னா, எங்க பேராசை மட்டும் ஏன் கெட்டது? ரெண்டு பேர் காதை வாங்கிக்கிட்டு வீட்டுக்கு அனுப்பினீங்களே, அவங்க காதைத் திருப்பிக் குடுத்துட்டுப் பேசுங்க."

ஒரு வார்த்தை தடுக்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் பேசியதே இல்லை. முடித்தபோது மூன்று பேரும் அமைதியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அசந்துபோய்விட்டார்கள் என்று நினைத்தேன். நெறியாளர் என்னவோ கேட்டாள், நான் தலையாட்டினேன். வெண்ணெய்வாயர் இரண்டு கைகளையும் விரித்துச் சிரித்தார். இசை போட்டு முடித்துவிட்டார்கள்.

காரில் வரும்போது ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்த வீட்டுக்காரரின் முகம் வாடியிருந்தது.

"ஏன்மா ஒண்ணுமே பேசல?" என்றார்.

"என்னது?"

"வாயை மட்டும் அசைச்சே. சத்தமே வரல. 'ஏன் மேடம் மௌனமா இருக்கீங்க, பதில் இல்லையா'ன்னு அந்தப் பொண்ணு கேட்டா. நீ ஆமான்னு தலையாட்டின. 'மௌனம் சம்மதம்'னு அந்தாளு சொல்லி முடிச்சுட்டான்."

"மைக்கை அணைச்சுட்டானுங்க!" என்று கத்தினேன். "நான் அப்பவே சொன்னேன். கார் அனுப்பும்போதே சொன்னேன்!"

"இல்லம்மா," என்றார் அவர், என் முகத்துக்கு நேராக வந்து, மெதுவாக. "மைக் வேலை செஞ்சுது. உன் வளையல் மேஜையில உரசறது கேட்டுச்சு. நீ மூச்சு வாங்கறது கேட்டுச்சு."

சட்டென்று நடந்தது புரிந்துவிட்டது. இரைச்சல் எழுந்ததும் இருபத்திரண்டு வருஷப் பழக்கம் குரலை அணைத்துவிட்டு வாயை மட்டும் திறந்திருக்கிறது. அவ்வளவு நீளமாகப் பேசியும், என் குரல் வெளியே வரவில்லை என்பது எனக்கே தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்று யோசிக்கப் போனேன், யோசிக்காமல் படுத்துவிட்டேன். உலகத்தில் எல்லாரையும் சந்தேகப்பட்டவள், என் வாயை மட்டும் நம்பிவிட்டேன். அவமானத்தில் அழுகை வந்தது.

மறுநாள் ஆலை வாசலில் தலையைக் குனிந்துகொண்டுதான் போனேன். நாத்தனார் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். பின்னால் இருபது பேர்.

"அண்ணி, என்னமா பேசினீங்க! காதைத் திருப்பிக் குடுத்துட்டுப் பேசுன்னீங்களே, நான் அழுதுட்டேன்."

ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். "நான் என்ன சொன்னேன்? முதல்லேருந்து சொல்லு பாப்போம்."

முழுசையும் சொன்னாள், ஒரு வார்த்தை விடாமல். கேன்டீனில் அறுபது பேரும் படித்திருக்கிறார்கள். வீட்டுக்கு அனுப்பப்பட்ட அந்த இரண்டு பேரும் அவரவர் வீட்டில் படித்திருக்கிறார்கள். டிவியில் நடந்த ஒரு விவாதம் முழுசாகப் புரிந்தது தங்களுக்கு இதுதான் முதல் தடவை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"இன்னொண்ணு இருக்கு அண்ணி," என்றாள் நாத்தனார். "கடைசியில மியூசிக் போட்டதும் அந்தாளு பக்கத்துல இருக்கற நிபுணர்கிட்ட குனிஞ்சு என்னவோ சொன்னாரு. சத்தம் வரல, வாய் நல்லாத் தெரிஞ்சுது."

"என்ன சொன்னாரு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அவள் வாயைப் பொத்தினேன்.

இங்கேதான் என் குணம் உபயோகப்பட்டது. கூட்டத்தில் ஒருத்தி பாம்பு என்றால் எல்லாருக்கும் வால் தெரியும். அப்படி ஆகக் கூடாது. அந்தக் காட்சியை இன்னும் பார்க்காத ஐந்து பேரைத் தேடிப் பிடித்தேன். விடுப்பில் இருந்தவர்கள் மூன்று பேர், டிவி இல்லாதவள் ஒருத்தி, டிவி பிடிக்காதவள் ஒருத்தி. ஒவ்வொருத்தியையும் தனியாக உடைமாற்றும் அறையில் உட்காரவைத்து, போனில் அந்தக் கடைசிக் காட்சியைச் சத்தமில்லாமல் காட்டி, ஆளுக்கொரு காகிதத்தில் எழுதச் சொன்னேன். டிவியில் பேசிப் பேசி அவர் உதடு அச்செழுத்து மாதிரித் திறந்து மூடும், படிக்க ஒரு சிரமமும் இல்லை. ஐந்து காகிதத்தையும் செயலாளர் முன்னால் மேஜையில் வைத்தேன்.

ஐந்திலும் ஒரே வாசகம்: "நல்லவேளை, மார்ச்சுல சத்தம் அளந்த ரிப்போர்ட்டப் பத்தி இவ கேக்கல."

செயலாளர் எழுந்து நின்றுவிட்டார். அப்படி ஒரு அளவே எடுக்கவில்லை என்றுதான் நிர்வாகம் இரண்டு வருஷமாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தது. இருக்கிறது என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. வெண்ணெய்வாயருக்குத் தெரிந்திருக்கிறது. நம்பிக்கையை வீட்டோடு வைத்துக்கொள்கிறவருக்கு எங்கள் முதலாளி வீட்டுச் சமாச்சாரம் எப்படிப் போனது என்று யாரும் எங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"தம்பி," என்றேன் செயலாளரிடம், "அன்னைக்கு உங்களைச் சொன்னது தப்பு." அவர் காதில் விழாத மாதிரி காகிதங்களை அடுக்கினார். ஆனால் டீ வாங்கி வந்து என் முன்னால் வைத்தார். அதைக் குடித்தேன்.

தொழிலாளர் அலுவலகத்தில் இருந்த அதிகாரியம்மாள் எங்களை நம்பவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. "வாயைப் பார்த்தே இவ்வளவு சொல்லிடுவீங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்துபோய், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று எதையோ சொன்னார். காட்சியைப் படித்த அந்த ஐந்து பேரும் தனித்தனியாக எழுதிக் கொடுத்தார்கள்: "மின்விசிறியை ரிப்பேர் பண்ணச் சொல்லி மூணு மாசமாச்சு, ஒருத்தனும் வரல." அதிகாரியம்மாள் காகிதங்களையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அன்றே நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார், மார்ச் மாதம் என்று குறிப்பிட்டு. உதட்டை வைத்து வழக்கு நடத்த முடியாது, ஆனால் எந்த அலமாரியைத் திறக்கச் சொல்வது என்று தெரிந்தால் போதுமே என்றார். மூன்று வாரத்தில் ரிப்போர்ட் வெளியே வந்தது. சத்தம் எந்த அளவுக்கு மேல் போனால் ஆபத்தோ, அதைத் தாண்டித்தான் எல்லா இயந்திரங்களும் அடித்துக்கொண்டிருந்தன. கூண்டு போட உத்தரவாயிற்று. எல்லாருக்கும் காது சோதனை செய்ய வேண்டும், அதைக் காட்டி யாரையும் வெளியே அனுப்பக் கூடாது என்றும் சேர்த்து எழுதியிருந்தார்.

விஷயம் பத்திரிகையில் வந்ததும் சானலிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். இந்தத் தடவை வெண்ணெய்வாயரோடு நேருக்கு நேர், கார் மட்டுமில்லை, பூங்கொத்தும் உண்டாம்.

கேன்டீனில் மறுபடி கூட்டம். நாத்தனார் போகச் சொன்னாள், இம்முறை அவளே வருவாளாம், குரலோடு. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"முதல்ல போக வேண்டாம்னு சொன்னேன். போனதாலதான் ரிப்போர்ட் கிடைச்சுது. அதனால நான் சொன்னது சரின்னு சொல்ல மாட்டேன்," என்றேன். "ஆனா அவர்கூட வாதாடி நாம ஜெயிக்கல. அவர் நம்பாததை அவர் பேசறாரு, அதுக்கு நாம என்ன பதில் சொல்றது? பதில் வேண்டாம். பார்த்துக்கிட்டே இருப்போம்."

இப்போது தினமும் ஆறு மணிக்கு எங்கள் கேன்டீனில் டிவி ஓடுகிறது. சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறோம். கொஞ்ச நாளாக வெண்ணெய்வாயர் பக்கத்திலிருப்பவரிடம் பேசும்போது காகிதத்தால் வாயை மறைத்துக்கொள்கிறார்.

போன வாரம் முதல் வரிசை இயந்திரங்களுக்குக் கூண்டு மாட்டினார்கள். மறுநாள் காலை விசையைப் போட்டதும் எல்லாரும் திகைத்து நின்றார்கள். தரையின் அதிர்வு குறைந்திருந்தது, அது எனக்குக் காலில் தெரிந்தது. எங்கள் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்து, வெட்கப்பட்டுக்கொண்டே, அந்தக் கூடத்தில் முதல் முறையாகக் குரலில் பேச ஆரம்பித்தார்கள். உதடுகளை யாரும் விரிக்கவில்லை. சும்மா அசைத்தார்கள், வெளியே பேசுகிற மாதிரி. நான் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் விசையைச் சரியாகப் போடவில்லையோ, ஏதாவது கோளாறோ என்று காத்திருந்தேன்.

நாத்தனார் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மற்றவர்களிடம் ஏதோ சொன்னாள். எல்லாரும் என் பக்கம் பார்த்துச் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று எப்போதும் போல உள்ளே எரிந்தது. மகள் போனில் முணுமுணுத்தது, வீட்டுக்காரர் டிவியைக் குறைத்து வைத்தது, வாயில் துணி கட்டியிருந்த அந்தப் பெண், தொண்டைக்குள்ளேயே நின்றுபோன என் பேச்சு, எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. ஒருவரும் என்னிடமிருந்து எதையும் மறைக்கவில்லை.

காது சோதனைக்கு எல்லாரும் போய்வந்துவிட்டார்கள். நான் மட்டும் இரண்டு தடவை தலைவலி என்று தள்ளிப்போட்டிருந்தேன்.

போய் நாத்தனாரின் தோளைத் தொட்டுத் திருப்பினேன்.

"எனக்குக் கேக்கலம்மா," என்றேன். "காத்துல சொல்லு."